விற்கும்போது குருடன்

கராஜுக்குள் நுழைந்ததும் லொள்ளு முதலில் பார்த்தது ஒரு வாளியை. அதில் பாதிக்கு மேல் என்ஜின் எண்ணெய். பக்கத்தில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். காருக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணி, அது நீங்கதானா? இல்ல கார் யாரையாவது முழுங்கிட்டு கால மட்டும் மிச்சம் வச்சிருக்கா?"

"பேசாம அந்தப் பெரிய ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தான். அடியில் போல்ட் திரும்பும் சத்தம் கேட்டது. இறுக்குகிறாளா, தளர்த்துகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டான். ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்க ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

வாயைத் திறந்தால் வம்பு என்பதால் அவனுக்கு லொள்ளு என்று சின்ன வயதிலேயே பேர் விழுந்துவிட்டது. அண்ணி அதற்கு நேர் எதிர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுபவர்களைப் பிடிக்கும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். லொள்ளு அங்கே உதவியாளன். சம்பளம் வாங்கிக்கொண்டு திட்டும் வாங்குகிற உத்தியோகம்.

போன வருஷம் அவனுடைய அண்ணன் இதே மாதிரி ஒரு சிவப்புக் காரை செகண்ட் ஹேண்டில் ஆசை ஆசையாக வாங்கினான். சில நாள்கூட ஆகவில்லை. மலைப்பாதை இறக்கத்தில் என்ஜின் இறுகி, சக்கரம் பூட்டிக்கொண்டு, வளைவில் சுவரை உடைத்துக்கொண்டு கார் பள்ளத்தில் விழுந்தது. அண்ணன் போய்விட்டான். ஸ்போர்ட்ஸ் கார், மலைப்பாதை, அப்புறம் என்ன, வேகம்தான் என்று போலீஸ் முடிவு கட்டியது. ஊரும் அதையே சொன்னது. பெற்றவளும் அதை நம்பினாள். "என் பிள்ளை தன் வேகத்துல தானே போய்ச் சேர்ந்தான், யாரைக் குத்தம் சொல்றது" என்று சொல்லிச் சொல்லியே அவள் பாதி உடம்பாகிவிட்டாள்.

அண்ணி நம்பவில்லை. காயலான் கடையில் கிடந்த காரைப் பிரித்துப் பார்த்தாள். என்ஜினுக்குள் எண்ணெய் சொட்டுகூட இல்லை. அடித்தொட்டியில் ஓட்டையும் இல்லை. வண்டியே குடித்துத் தீர்த்திருக்கிறது. அதைவிடப் பெரிய அக்கிரமம் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தது. எண்ணெய் வற்றினால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கின் ஒயரைப் பிடுங்கி, பேட்டரி விளக்கின் ஒயரோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். சாவி போட்டால் எரியும். என்ஜின் ஓடினால் அணையும். பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். ஆனால் எண்ணெய் தீர்ந்து என்ஜின் சாகும்போது அந்த விளக்கு ஊமை.

காரை விற்றவனுக்கு ஊர் வைத்த பேர் பாலிஷ். அண்ணி புகார் கொடுத்த பிறகு நடந்த விசாரணையில் அவன் கையைக் கூப்பிக்கொண்டு சொன்னான்: "சார், நான் வெறும் வியாபாரி. கழுவித் துடைச்சு நிறுத்துவேன், விப்பேன். எஞ்சின்ல ஆயில் எந்தப் பக்கம் ஊத்துறதுன்னுகூடத் தெரியாது." முடிச்சுப் போட்டது முந்தின சொந்தக்காரனாக இருக்கலாம், யாரோ மெக்கானிக்காக இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். இன்று சாயங்காலம் வழக்குக் கோப்பை மூடப்போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணி காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் காரும் அதே மாடல், அதே நிறம், தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. அதே முடிச்சை அதே இடத்தில் அவளே போட்டிருந்தாள்.

"விக்கும்போது அவன் குருடன். சரி, ஒத்துக்கறேன். வாங்கும்போது அவனுக்கு எத்தனை கண்ணுன்னு பாத்துடலாம்," என்றாள்.

"அப்புறம் அண்ணன் விழுந்த மலை இறக்கத்துக்கு? அங்க எப்படி அண்ணி அவனைக் கூட்டிட்டுப் போறது?"

"நான் எதுக்குக் கூப்பிடணும்? அவனே கூப்பிடுவான்."

லொள்ளு அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் நியாயம் கேட்கிற களை இல்லை. பழி வாங்குகிற களைதான் இருந்தது.

*

பாலிஷின் கடைக்குள் போனால் கண் கூசும். வரிசையாக நிற்கும் ஒவ்வொரு காரிலும் முகம் பார்த்துத் தலை வாரலாம். அவனும் அப்படித்தான் இருந்தான். மடிப்புக் கலையாத சட்டை, நாலு அடிக்கு முன்னாலேயே வந்து வரவேற்கும் சென்ட்.

லொள்ளு தன்னை புரோக்கர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டான். "இவங்க நம்ம சொந்தம். வீட்டுக்காரர் தவறிட்டாரு. இந்த மாதிரி வண்டின்னா அவருக்கு உயிர்."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"அடடா," என்றான் பாலிஷ், முகத்தில் கொஞ்சம் சோகத்தைத் தடவிக்கொண்டு. அண்ணனை அவன் பார்த்திருக்கிறான், இவர்களைப் பார்த்ததில்லை. விசாரணைக்கெல்லாம் இவர்கள் சார்பில் வக்கீல்தான் போயிருந்தார். "கவலைப்படாதீங்க மேடம். நல்ல விலைக்கு நானே எடுத்துக்கறேன். சும்மா ஒரு பார்வை பாத்துடறேன்."

லொள்ளின் சட்டைப் பையில் செல்போன் இருந்தது. மறுமுனையில் இன்ஸ்பெக்டர், மலை வளைவில் ஜீப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அங்கே வரவழைப்பதற்குள் அண்ணிக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

பாலிஷ் முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். காய்ச்சல் பார்க்கிற டாக்டர் தோற்றுப்போவார்.

"சூடா இருக்கே?"

"ஓட்டிட்டுதானே சார் வர முடியும்? தோள்ல தூக்கிட்டா வர்றது?"

"தம்பி, எனக்கே பாடமா? விக்கிற வண்டியை ஆறப் போட்டுக் காட்டணும். ராத்திரி முழுக்க ஆறின எஞ்சின் முதல்ல விடுற புகைதான் உண்மையைப் பேசும். சூடு பண்ணிக் கொண்டாந்தா எதையோ மறைக்கிறேன்னு அர்த்தம்." சொல்லிக்கொண்டே விலையில் ஒரு படி இறங்கினான்.

அடுத்து பின்பக்கம் போய்க் குனிந்து சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டான். கறுப்பாக வந்த விரலைக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தான். "காய்ஞ்ச கரின்னா பரவால்ல. இது பிசுபிசுங்குது. உள்ள ஆயில் எரியுது." இன்னொரு படி இறங்கினான்.

பானெட்டைத் திறந்து ஆயில் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். அளவு சரியாக இருந்தது. ஆனால் அவன் திருப்தியடையவில்லை. ஒரு சொட்டை விரலில் வாங்கிப் பிரித்துப் பார்த்தான். "கெட்டி ஆயில் ஊத்தியிருக்கீங்க. இந்த எஞ்சினுக்குத் தண்ணியா ஊத்தணும். குடிகார வண்டிக்குத்தான் இப்படிக் கஞ்சி மாதிரி ஊத்துவாங்க, கொஞ்சம் நிதானமாக் குடிக்கட்டும்னு."

வாளியில் இருந்த எண்ணெயை இறக்கிவிட்டு அண்ணி எதற்காகக் கெட்டி எண்ணெய் ஊற்றி, குழாயிலும் தடவினாள் என்று அப்போதுதான் லொள்ளுக்குப் புரிந்தது. இவனா ஆயில் எந்தப் பக்கம் ஊற்றுவது என்று தெரியாதவன்! அந்த மடிப்புச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நாலு அறை விடலாம் போல அவனுக்குக் கை துறுதுறுத்தது. அண்ணியைப் பார்த்தான். அவள் ஒன்றும் தெரியாத விதவையாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பாலிஷ் இப்போது டிக்கியைத் திறந்தான். உள்ளே விரிப்பில் வட்டமாக ஒரு கறை. அண்ணி நேற்று டின் வைத்து அழுத்தி எடுத்த கறை. அதைப் பார்த்ததும் அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"பாத்தியா? ஆயில் டின் வச்ச தடம். ஸ்டெப்னி இல்லாமக்கூட வெளியூர் போவான், ஆயில் டின் இல்லாமப் போகமாட்டான்னா என்ன அர்த்தம்? வண்டி மொடாக்குடியன்!"

"விடுங்க சார். குடிக்கிறது வண்டிதானே, ஓட்டுறவர் இல்லையே."

"நல்லாப் பேசறே. என் கடைக்கு வந்துடு." பாலிஷுக்குக் குஷி வந்துவிட்டது. குறை கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க விலை இறங்கியது. விலை இறங்க இறங்க வாய் அகன்றது. கடைசியாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். சிவப்பு விளக்குகள் எரிந்தன. என்ஜின் உறுமியது. விளக்குகள் அணைந்தன.

அவன் நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினான். மறுபடி நிறுத்தினான். பிறகு தலையைச் சாய்த்து லொள்ளை ஒரு பார்வை பார்த்தான்.

"இங்க வா. இந்த ரெண்டு விளக்கையும் பாரு. பேட்டரி விளக்கு பட்டுனு அணையணும். ஆயில் விளக்கு ஒரு மூச்சு தாமதிச்சு அணையணும். ஏன்? ஆயில் மேல ஏறி வர நேரம் ஆகும். இங்க ரெண்டும் ஜோடியா அணையுது."

"ஜோடிப் பொருத்தம் நல்லா இருக்குன்னு நினைச்சேன் சார்."

"எங்கிட்டயே என் வித்தையா?" பாலிஷ் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். கோபத்தில் அல்ல, வாஞ்சையில். "அந்த ஒயரை இதோட முடிச்சுப் போடற ஐடியாவை இந்த ஊருல முதன்முதல்ல பண்ணவனே நான்தாண்டா. எத்தனை வண்டிக்குப் பண்ணியிருக்கேன் தெரியுமா? ஒருத்தன் கண்டுபிடிச்சதில்ல. சரி சரி, திருடனுக்குத் திருடன் எதுக்கு ஒளிக்கணும். பாதி விலை. அதுவும் ஓட்டிப் பாத்துட்டுத்தான்."

லொள்ளு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பாலிஷ் மாட்டிக்கொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், தானே தோண்டி எடுத்துத் தட்டில் வைத்துவிட்டான். இனி மலையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்.

"எங்க சார் ஓட்டிப் பாக்கலாம்?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"மலை இறக்கம்தான். இறங்கும்போது காலை எடுத்துட்டு மறுபடி மிதிச்சா, குடிகார வண்டி பின்னாடி நீலமாப் புகை விடும். நீங்க ஓட்டுங்க மேடம். நான் கண்ணாடில புகையைப் பாக்கணும்."

அண்ணி லொள்ளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

*

அந்தக் காருக்குப் பின்சீட் என்று பேருக்கு ஒன்று இருந்தது. அதில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து மடங்கிக் கிடந்த லொள்ளு, மனசுக்குள் அந்த போல்ட்டையே சுற்றிச் சுற்றி வந்தான். கடையிலேயே எல்லாம் முடிந்துவிட்டதே. அப்புறமும் எதற்கு மலை? காலையில் அவள் இறுக்கினாளா, தளர்த்தினாளா?

உச்சியைத் தொட்டுக் கார் இறங்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரங்களின் தலை மட்டும் தெரிகிற பள்ளம்.

"காலை எடுங்க மேடம். ம்… இப்ப மிதிங்க." பாலிஷ் பக்கக் கண்ணாடியில் கண்ணை ஒட்டிக்கொண்டான். "வரலையே. இன்னொரு தடவை." மறுபடியும் புகை வரவில்லை. "என்னது இது? இவ்வளவு குடிக்கிற வண்டி, புகையே விடமாட்டேங்குது?"

"எப்படி விடும்? எரியறதுக்கு உள்ள ஆயில் இருந்தாத்தானே," என்றாள் அண்ணி.

பாலிஷ் சிரிக்கத்தான் பார்த்தான். "கடையில நானே பாத்தேனே, ஃபுல்லா இருந்துச்சு."

"கடையில இருந்துச்சு. அடி போல்ட் லூஸா இருந்தா வழியெல்லாம் ஒழுகாதா?" அண்ணியின் குரல் அதே பணிவோடுதான் இருந்தது. மரியாதை மட்டும் கழன்றுவிட்டது. "விளக்கைப் பாக்காதே. அது எரியாது. உன் வித்தைதான்."

"மேடம், என்ன விளையாட்டு இது? நிறுத்துங்க!"

"போன வருஷம் இதே இறக்கத்துல உன் கடை சிவப்புக் கார் ஒண்ணு போச்சே, ஞாபகம் இருக்கா? ஓட்டினவர் என் புருஷன். பின்னாடி உக்காந்திருக்கறது அவர் கூடப் பொறந்தவன்."

கார் வேகமெடுத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக லொள்ளுக்குச் சொல்ல எந்த வம்பும் கிடைக்கவில்லை. இவனோடு சேர்ந்து போனாலும் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் வீட்டில் தனியாக இருக்கும் அம்மா ஞாபகம் வந்தாள். "அண்ணி," என்றான். அவள் கேட்கவில்லை.

"கியரை எடு! கிளச்சை மிதி!" பாலிஷ் கத்தினான். "ஆயில் இல்லாம ஓட்டினா எஞ்சின் இறுகிடும்! சக்கரம் பூட்டிக்கும்! வளைவுல பூட்டிக்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது!"

"ஆயில் ஊத்தத் தெரியாதவனுக்கு இதெல்லாம் யாரு சொன்னது?"

"நான்தான்! போதுமா? அந்த முடிச்சை நான்தான் போட்டேன்! விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தா எவன் வாங்குவான்? அவர் சாகணும்னு நான் நினைக்கலை, சத்தியமா நினைக்கலை!"

"அப்ப வேகமா ஓட்டித்தான் செத்தாருன்னு ஊரெல்லாம் ஏன் சொன்னே?"

"வேகமாப் போகலைம்மா! எனக்குத் தெரியும், வேகமாப் போயிருக்கமாட்டாரு! அவருதான் போன் பண்ணாரே!"

அண்ணியின் கால் தானாகவே தளர்ந்ததை லொள்ளு உணர்ந்தான். அந்த போன் அழைப்பு விசாரணையில் வந்த விஷயம்தான். வண்டிப் பேப்பர் எப்போது கிடைக்கும் என்று கேட்டதாக பாலிஷ் சொன்னான், போலீஸ் நம்பியது, அண்ணியும் நம்பியிருந்தாள்.

"என்ன கேட்டார்?" அவள் குரல் மாறிவிட்டது.

"மலை மேல நின்னுக்கிட்டுத்தான் பேசினாரு. ஏதோ தீஞ்ச வாடை வருது, டக்கு டக்குனு சத்தம் கேக்குது, ஓரமா நிறுத்திட்டேன், ஓட்டலாமா, மெக்கானிக்கைக் கூப்பிடவான்னு கேட்டாரு." பாலிஷ் முகத்தைப் பொத்திக்கொண்டான். "மெக்கானிக் வந்தா முடிச்சைப் பாத்துடுவான். சிவப்பு விளக்கு எரியுதான்னு கேட்டேன். இல்லைன்னாரு. அப்ப ஒண்ணுமில்ல, தைரியமா ஓட்டிட்டு வாங்கன்னு சொன்னேன்."

அண்ணன் நிறுத்தியிருக்கிறான். கேட்டிருக்கிறான். லொள்ளுக்குக் கண் மறைத்தது. இத்தனை நாள் ஊரோடு சேர்ந்து தானும் அவனைக் கொஞ்சம் திட்டியது நெஞ்சில் குத்தியது.

அண்ணி மெல்ல பிரேக்கை அழுத்தினாள். புதிதாகக் கட்டிய சுவருக்குப் பக்கத்தில், ஜீப்பின் முன்னால், கார் ஒழுங்காக வந்து நின்றது.

பாலிஷ் கதவைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் விழுந்தான். எழுந்ததும் ஓடவில்லை. மண்டியிட்டு, தலையைக் காருக்கு அடியில் நுழைத்தான். அடியில் எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை. போல்ட் இறுகக் கிடந்தது.

"பொய்!" என்று அங்கிருந்தபடியே இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கத்தினான். "சார், மிரட்டிச் சொல்ல வச்சுட்டாங்க! எனக்கு எஞ்சினைப் பத்தி ஒண்ணுமே தெரியாது சார்!"

"ஒண்ணுமே தெரியாதவர் குறி தவறாம எங்க போய்ப் பாக்குறாரு பாருங்க சார்," என்றான் லொள்ளு. வாய் திரும்ப வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் பாலிஷைத் தூக்கி நிறுத்தினார். "கார்ல மிரட்டினாங்க. சரி. கடையில யாரு மிரட்டினா? அங்க பேசினதையும் நான்தான் கேட்டேன். இத்தனை வண்டிக்குப் பண்ணேன்னு பெருமையாச் சொன்னியே, எந்தெந்த வண்டின்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

கையைப் பிடித்து ஜீப்புக்கு இழுத்தவரை அண்ணி மறித்தாள். "ஒரு நிமிஷம் சார். ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம். முதல்ல இவன் ஒருத்தர்கிட்ட பேசணும்."

தன் போனை எடுத்து, எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு பாலிஷின் முகத்துக்கு நேரே நீட்டினாள். இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பிக்கொண்டு பள்ளத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"என்னம்மா?" என்றது அம்மாவின் குரல்.

பாலிஷ் முகத்தைத் திருப்பப் பார்த்தான். அண்ணி நகரவில்லை. லொள்ளு அவனுக்கு மிக அருகில் போய் நின்றான்.

"அம்மா… உங்க பையனுக்குக் கார் வித்தவன் பேசறேன். அவரு வேகமாப் போகலைம்மா. சத்தம் கேட்டதும் நிறுத்திட்டாரு. எங்கிட்ட கேட்டாரு. நான்தான் ஒண்ணுமில்ல, ஓட்டுன்னு சொன்னேன். வண்டியில கோளாறுன்னு எனக்குத் தெரியும்."

அம்மா வீறிட்டு அழப்போகிறாள் என்று லொள்ளு காத்திருந்தான். அவள் அழவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் ஓசை மட்டும் கேட்டது.

"என் மருமககிட்ட குடு."

"நான் இங்கதான் இருக்கேன் அத்தை."

"அவன் அங்கதான் நிக்கிறானா?"

"நிக்கிறான் அத்தை."

போன வருஷத்திலிருந்து யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லாத அம்மா, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"விட்றாதேம்மா அவனை."